15-ஆம் ஆண்டுக்கு முன்னால்: பழைய காரைப் பழுது பார்ப்பதா, விற்பதா?

திருவனந்தபுரத்தில் கார்கள் கீழிருந்து மேலாகக் கிழடு தட்டுகின்றன. சங்குமுகம், வலியதுறைப் பக்கமிருந்து வீசும் உப்புக் காற்று, இடவப்பாதி, துலாவர்ஷம் என்று ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம், இரண்டுக்கும் நடுவில் முழுசாகக் காயாத தரை. எஞ்சின் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் பேசாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் ஓட்டுபவரின் காலடியில் தகரம் பொரிந்திருக்கும். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் மைத்துனர் “எஞ்சின் நல்லா இருக்குல்ல, இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டுங்க அத்தான்” என்று சொல்வார். அவர் ஊருக்கு அது சரி. இங்கே எஞ்சினைக் கடைசியில் பார்த்தால் போதும்.

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்கப்புறம் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே முடிவெடுக்க ஏற்ற காலம் 14-ஆம் ஆண்டு. அதைத் தவறவிட்டு, பதிவு முடிய இரண்டு வாரம் இருக்கையில் யோசிக்கத் தொடங்கினால், முடிவை டிங்கரும் பெயின்டரும் நமக்காக எடுத்துவிடுவார்கள். கேரளத்தில் இதற்கு ‘டெஸ்ட் வேலை’ என்று பெயர். ஆய்வாளர் முன் வண்டியைக் காட்டுவதற்காகத் துருவை அடைத்து, பெயின்ட் அடித்து, விளக்குகளைச் சரிசெய்து, சீட் தைத்து, கையில் பில்லைத் தருவார்கள். அவ்வளவு செலவழித்தபின் யாருக்குத்தான் விற்க மனம் வரும்? அந்தப் பணம் வண்டியோடு நம்மைக் கட்டிப்போட்டுவிடும். எனவே டெஸ்ட் வேலைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்த அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள்.

அடியில் படுத்துப் பார்ப்பது

கரமனைப் பக்கம் ஒரு பட்டறை. 2011 மாடல் ஐ10 ஒன்று லிஃப்டில் நின்றது. வலியசாலையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவருடையது. அதிகம் ஓடாத வண்டி. கிளட்ச் மாற்ற வந்திருந்தது. மெக்கானிக் கிளட்ச் பக்கமே போகவில்லை. ஸ்க்ரூடிரைவரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டைப் பிடியால் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் ஒலி ‘தப்’பென்று செத்தது. ஸ்க்ரூடிரைவரைத் திருப்பி முனையால் மெதுவாக அழுத்தினார். அண்டர்கோட்டிங்கின் கறுப்புத் தோல் மட்டுமே அங்கே மிச்சம். முனை உள்ளே இறங்கியது. காபிப் பொடி மாதிரி துரு கொட்டியது.

“சார், கிளட்ச் இன்னைக்கே மாத்தித் தரேன். ஆனா மொதல்ல இதப் பாருங்க. ஜாக்கி வைக்க வேண்டிய எடம் இதுதான். வெச்சா ஜாக்கி உள்ள போயிரும்.”

“வெல்டு வெச்சா நிக்குமா ஆசானே?”

“ரெண்டு மழை நிக்கும்.”

அந்தப் பதிலைவிட நேர்மையான மதிப்பீட்டை எந்த கம்பெனி சர்வீஸ் சென்டரின் அச்சடித்த தாளிலும் நான் பார்த்ததில்லை. உரிமையாளர் கிளட்சை மாற்றாமலே வண்டியை எடுத்துப்போனார். அவர் என்ன செய்தார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

துரு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. கதவின் கீழ் ஓரம், மட்கார்டு விளிம்பு, டிக்கி மூடி ஆகியவற்றில் வரும் துரு கண்ணை உறுத்தும். ஆனால் காசோடு முடிந்துபோகும். வேண்டுமானால் கதவையே மாற்றலாம். பயப்பட வேண்டியது வேறு இடங்களில். முன் ஷாக் அப்சார்பர் மேலே போய் உட்காரும் இடம், லோயர் ஆர்ம் போல்ட் ஏறும் இடம், பின் ஆக்சிலைப் பாடியோடு பிடித்திருக்கும் இடம், ரன்னிங் போர்டு, சீட் பெல்ட் நங்கூரம் இறங்கும் தரை. இந்தக் கால கார்களுக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. பாடிதான் சேஸிஸ். மேற்சொன்ன இடங்களில் தகரம் போய்விட்டால், ஒட்டுப்போட்டு ஓட்டலாமே தவிர, மோதலில் அது எப்படி மடங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. இரண்டு இடங்களில் அப்படி இருந்தால் பணக் கணக்குக்கே போக வேண்டாம், விற்றுவிடுங்கள் என்பது என் கட்சி.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. நான்கு மேட்டையும் எடுத்துவிட்டுக் கார்ப்பெட்டைக் கையால் அழுத்துங்கள். மழை விட்டு ஒரு வாரமாகியும் அடியில் இருக்கும் பஞ்சு ஈரமாக இருந்தால் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது. மாமரத்தடியிலோ பலாமரத்தடியிலோ நிறுத்தும் வண்டிகளில் பெரும்பாலும் வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் இலை அடைத்துத் தண்ணீர் உள்ளே திரும்பியிருக்கும். ஸ்பேர் டயரைத் தூக்கி அந்தக் குழியைப் பாருங்கள். பிறகு ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவைத்து, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் நின்றபோது சுகமாக மூடிய கதவு இப்போது இடித்தால், பாடி முறுக்கு கொடுக்கிறது என்று அர்த்தம். காசு செலவில்லாத சோதனை இது. தூக்கிய வண்டிக்கு அடியில் மட்டும் கையையோ தலையையோ விட வேண்டாம். படுத்துப் பார்ப்பது பட்டறை லிஃப்டில்தான்.

வெள்ளம் பார்த்த வண்டியைத் தனியாக வையுங்கள். 2018 ஆகஸ்ட் பெருவெள்ளமும், 2023 அக்டோபரில் ஒரே இரவில் நகரம் முங்கியதும் இங்கே வாங்குபவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. தண்ணீர் சீட் உயரம் வந்த கார் வயரிங்கில் ஆண்டுக்கணக்கில் பழிவாங்கும். ஒரு மாதம் பவர் விண்டோ, அடுத்த மாதம் ஏர்பேக் விளக்கு, அப்புறம் ஸ்டார்ட்டிங். ஒவ்வொன்றும் சின்னச் செலவு. ஆனால் முடிவே இருக்காது. அதைப் பொறுமையாகத் துரத்த ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கும் இப்போது நேரமில்லை.

தேய்வதும் கெடுவதும்

பாடி தப்பித்தது என்றால் அடுத்தது மெக்கானிக் தரும் பட்டியல். அதை இரண்டாகப் பிரியுங்கள். தேயும் சாமான்கள் ஒரு பக்கம்: கிளட்ச், பிரேக் பேட், டயர், பேட்டரி, புஷ், லிங்க் ராட், ஷாக் அப்சார்பர். இவை புதுக் காரிலும் ஒருநாள் தேயும். மாற்றினால் புதிதாகவே ஓடும். இந்த ஊர் ஏற்ற இறக்கத்தில் கிளட்ச் சீக்கிரம் போவது வழக்கம். குன்னுகுழி ஏற்றத்தில் காலை நேர நெரிசலில் அரை கிளட்சில் தொங்கிக்கொண்டு நிற்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிளட்ச் போனதற்காகக் காரை விற்பவர், புது டயர் போட வேண்டியிருக்கிறதே என்று விற்பவரைப் போலத்தான் அவசரப்படுகிறார்.

இன்னொரு பக்கம் கெடும் சாமான்கள்: ஹெட் கேஸ்கட், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ரேக், ஏசி கம்ப்ரசர், டீசல் வண்டியானால் இன்ஜெக்டரும் டர்போவும். இவற்றில் ஒன்று போனால் சரிசெய்யலாம். ஓராண்டுக்குள் இரண்டு போனால் மூன்றாவது வரிசையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏசியில் கூலிங் காயில் ஓட்டையாவது கடலோர வண்டிகளுக்கு ஒரு தொல்லை. காயில் பெரிய விலையில்லை. ஆனால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்றி மாட்ட வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கழற்றி மாட்டிய டேஷ்போர்டு அப்புறம் ஒவ்வொரு குழியிலும் கிறீச்சிடுவது தனி.

சூடேறும் வண்டியை எப்போதும் சந்தேகப்படுங்கள். கூலன்ட்டுக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீரோ போர் தண்ணீரோ ஊற்றி ஓட்டிய எஞ்சினின் ரேடியேட்டரும் தண்ணீர்ப் பாதைகளும் உள்ளுக்குள் துருவேறியிருக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மட்டும். பச்சையோ சிவப்போ இருந்தால் நல்லது. தேநீர் நிறத்தில் இருந்தால் பேரம் பேச வேண்டியவர் நீங்களல்ல, உங்களிடம் வாங்க வருபவர்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் கவலை 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலும் இதற்கென்று செய்யப்பட்டவையல்ல. மைலேஜ் இழப்பு இத்தகைய கார்களில் 3 முதல் 6 சதவீதம் இருக்கலாம் என்று 2025-இல் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற நேரலாம் என்றும் ஒப்புக்கொண்டது. காரை விற்கும் அளவுக்கு இது காரணமாகாது. ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். வளைகுடாவிலிருந்து ஆண்டுக்கொருமுறை வரும் மகனுக்காக உறை போட்டு நிறுத்தியிருக்கும் காரில் இந்தத் தொல்லை கூடும். ஓட்டாமல் வைத்திருக்கும் கார் கெடாது என்ற நம்பிக்கை இந்த ஊரில் பல வீட்டு முற்றங்களில் டயர் தட்டையாகி நிற்கிறது.

உதிரி பாகம் கிடைக்குமா என்பதே சில கார்களின் தலையெழுத்தை முடிவு செய்துவிடும். செவ்ரோலே 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்திக்கொண்டது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இந்த வண்டிகளுக்குப் பிரேக் பேடும் ஃபில்டரும் கிடைக்கும். ஹெட்லைட், பம்பர், எஞ்சின் கம்ப்யூட்டர் என்றால் தேடல்தான். சென்னைப் புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ கழற்றிய சாமானுக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். மாறாக, ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் ஸ்விஃப்ட், விஸ்டா, புன்டோ என்று பல கம்பெனி வண்டிகளில் ஓடியதால், ஃபியட் போனபின்னும் அந்த எஞ்சினுக்குச் சாமானும் கை தெரிந்த மெக்கானிக்கும் உண்டு. உங்கள் காருக்கு முன்பக்கக் கண்ணாடியும் ஒரு ஹெட்லைட்டும் என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று இரண்டு ஸ்பேர் கடைகளில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் குறித்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கு

“பழுதுச் செலவு வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் விற்றுவிடு” என்று ஒரு விதி ஊரெல்லாம் சுற்றுகிறது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பழைய காரின் சந்தை விலை எப்படியும் தரையைத் தொட்டுவிட்டது. அதில் பாதி என்பது நான்கு டயரும் ஒரு கிளட்சும்தான். அந்த விதிப்படி போனால் 12 வயதான எந்தக் காரையும் வைத்திருக்க முடியாது. ஒப்பிட வேண்டியது வண்டியின் விலையோடு அல்ல, அதற்குப் பதிலாக வரப்போவதன் செலவோடு.

கேரளத்தில் அந்தப் பதில் வண்டி விலை கூடியது. புதிய பெட்ரோல் காருக்கு ஒருமுறை வரி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம்; அதற்கு மேல் 15 லட்சம் வரை 15 சதவீதம். 7 லட்ச ரூபாய்க் கார் என்று வையுங்கள். வரியே 91,000. காப்பீடு தனி. 6 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 12,450 ரூபாய். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். மின்சாரக் காருக்கு 2025 ஏப்ரலிலிருந்து வரி விலைக்கேற்ப மாறுகிறது. 15 லட்சம் வரை 5 சதவீதம். வீட்டு முற்றத்தில் நிறுத்த இடமும் சார்ஜ் செய்ய இணைப்பும் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது. அடுக்ககத்தில் பொது இடத்தில் நிறுத்துபவர்கள் முதலில் சங்கத்திடம் பேச வேண்டும்.

இப்போது பழைய காரின் பக்கம். 14 வயதான ஒரு சின்னக் காருக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் கிளட்ச், முன் சஸ்பென்ஷன், நான்கு டயர், ஒரு பேட்டரி, ஏசி காயில் எல்லாமே வருகிறது என்று மோசமாகவே எண்ணி, உங்கள் மெக்கானிக்கிடம் மொத்தத் தொகை கேளுங்கள். 60,000 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதோடு மறுபதிவு. மத்திய விதிகளின்படி 15 வயது தாண்டிய காரின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-இலிருந்து 5,000 ரூபாய்க்கு ஏறியது. 20 வயது கடந்தால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் இன்னோர் அறிவிக்கை வந்தது. இது போக மாநில வரி. 2025-26 கேரள பட்ஜெட் 15 வயது கடந்த தனியார் வாகனங்களின் வரியை 50 சதவீதம் உயர்த்தியதில், ஐந்து ஆண்டுக்கு 750 கிலோவுக்குள் எடையுள்ள கார் 9,600, அதற்கு மேல் 1,500 கிலோ வரை 12,900, அதையும் தாண்டினால் 15,900 ரூபாய் என்றாயிற்று. பழைய மாருதி 800 முதல் வரிசையில் தப்பிக்கும். வேகன் ஆர் இரண்டாவதில் விழும். பசுமை வரி ஒன்றும் உண்டு. இந்தத் தொகைகள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் நகர்பவை, கட்டணம் நீதிமன்றம் ஏறுவதும் உண்டு. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் பரிவாகன் தளம் காட்டுவதே உங்கள் தொகை.

எல்லாம் சேர்த்து 60,000 பழுது, 20,000 பதிவும் வரியும் என்று கொள்ளுங்கள். பதிவுச் செலவு ஐந்து ஆண்டுக்கானது. இருந்தாலும் முழுவதையும் இரண்டு ஆண்டில் எழுதிவிடுவோம். ஆண்டுக்கு 40,000. புதுக் காரின் தவணை ஒன்றரை லட்சம். பாடி உறுதியாக இருந்தால் பழைய கார் வெல்வது இப்படித்தான். ஆண்டுச் செலவு தவணையில் பாதியை நெருங்கும்போதுதான் நான் விற்கச் சொல்வேன். ஏனென்றால் அந்த அளவில் செலவு மட்டுமல்ல, வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களும் கூடிவிடும். மருத்துவக் கல்லூரிக்கு அவசரமாகப் போக வேண்டிய இரவில் ஸ்டார்ட் ஆகாத காருக்கு எந்தக் கணக்கும் துணை வராது. வீட்டில் முதியவர்கள் இருந்தால், ஒரே கார்தான் என்றால், பாதி வரை காத்திருக்காமல் மூன்றில் ஒரு பங்கிலேயே நிறுத்திக்கொள்ளலாம். ஏர்பேக் விஷயமும் கணக்கில் வராதது. 2010 வாக்கில் வந்த சின்னக் கார்களின் அடிப்படை மாடல்களில் அது பெரும்பாலும் கிடையாது. பைபாஸில் தினமும் கழக்கூட்டம் வரை ஓட்டுபவர் இதற்காகவே மாறலாம். கிழக்கேகோட்டைக்கும் சாலைக் கடைத்தெருவுக்கும் போய்வரும் காருக்கு அவ்வளவு அவசரமில்லை.

ஆறு, ஏழு வயதான பழைய காருக்கு மாறுவது நடுவழி. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களின் ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தபின், புதியதற்கும் பழையதற்கும் நடுவே இருந்த இடைவெளி சுருங்கியிருக்கிறது. விற்பவருக்கு அது கசப்பு, வாங்குபவருக்கு இனிப்பு. மாற்றுபவர் இரண்டையும் விழுங்க வேண்டும். மாறுகிற வண்டியின் நோய்கள் உங்களுக்குத் தெரியாது என்பதையும் கணக்கில் எழுதுங்கள். விற்றுவிட்டு எதுவும் வாங்காமல் இருப்பதும் ஒரு வழிதான். வாரத்தில் இரண்டு முறை கோயிலுக்கும் ஒருமுறை சந்தைக்கும் மட்டும் ஓடும் காரின் காப்பீடு, வரி, பழுது இவற்றின் கூட்டுத்தொகையில் ஆட்டோவும் நகர சர்க்குலர் பஸ்ஸும் தாராளமாக அடங்கும். ஓய்வுபெற்றவர்கள் இதை முதலில் கணக்கிட்டுப் பார்க்கலாம். கௌரவம் வேறு கணக்கு.

கௌரவம், பாசம் என்று பேசினால் இந்த ஊரில் கௌடியார் அரண்மனை பென்ஸ் வந்தே தீரும். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1950-களில் வாங்கிய மெர்சிடிஸ் 180-ஐ, சிஏஎன் 42 என்ற எண்ணோடு, கடைசி வரை கைவிடவில்லை. 2013-இல் அவர் காலமாகும்வரை அது அவரிடமே இருந்தது. பல லட்சம் மைல் ஓடிய வண்டி. பதிலுக்குப் புதுக் கார் தரக் கம்பெனி முன்வந்தும் மறுத்துவிட்டார் என்று செய்திகள் வந்தன. நமக்கும் அந்த உரிமை உண்டு. அப்பா வாங்கிய காரைப் பாசத்துக்காக வைத்திருக்கலாம். ஆனால் அந்தச் செலவைப் போக்குவரத்துச் செலவு என்று எழுதாமல் பாசச் செலவு என்றே தனியாக எழுதுங்கள். வீட்டில் சண்டை குறையும்.

வயதானாலே பறிமுதலா?

“15 வருஷம் ஆனா பிடிச்சு உடைச்சிருவாங்களாமே?” என்ற பயத்தில் நல்ல வண்டியைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு, அந்தப் பயத்தைச் சொல்லியே விலை குறைக்கும் தரகர்களும் உண்டு. 10 வயது டீசல், 15 வயது பெட்ரோல் என்ற தடை டெல்லி தலைநகர் வட்டாரத்துக்கானது. 2016 மே மாதம் பசுமைத் தீர்ப்பாயம் திருவனந்தபுரம் உட்பட ஆறு கேரள நகரங்களில் 10 வயது தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை சொன்னது உண்மை. கேரள உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்ததும் உண்மை. 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட உடைப்புக் கொள்கையும் தனியார் காரை வயதுக்காக மட்டும் உடைக்கச் சொல்லவில்லை. தகுதிச் சோதனையில் தேறினால் ஓட்டலாம்.

ஆனால் பதிவைக் காலாவதியாக விட்டுவிட்டு ஓட்டுவது மட்டும் கூடாது. படிவம் 25-இல் விண்ணப்பிக்க, பதிவு முடிவதற்கு 60 நாள் முன்னாலேயே வாய்ப்பு திறக்கும். தாமதித்தால் காருக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல் கட்டணம். அதைவிடப் பெரிய ஆபத்து காப்பீட்டில் இருக்கிறது. செல்லுபடியான பதிவில்லாத கார் ஒன்று திருட்டுப்போன வழக்கில், காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

விற்பதென்று முடிவானால்

வலியசாலைக்காரர் பதிவு முடிய ஐந்து மாதம் இருக்கும்போதே மார்த்தாண்டத்து வியாபாரி ஒருவரிடம் கொடுத்துவிட்டார். கிளட்ச் தேய்ந்தது, ரன்னிங் போர்டு போனது இரண்டையும் சொல்லியே விற்றார். விற்கப்போகும் காரில் பெரிய பழுது பார்க்காதீர்கள். 10,000 ரூபாய் கிளட்சுக்கு வாங்குபவர் 4,000 கூடத் தருவது அபூர்வம். நன்றாகக் கழுவி, உள்ளே காயவைத்து, சர்வீஸ் பில்களை ஒரு கோப்பில் போட்டுக் காட்டினால் போதும். கர்க்கடக மாதத்தில் அவசரப்படாமல் ஓணத்துக்கு முந்தைய வாரங்களைப் பார்த்து விற்பனைக்கு விடுவது நல்லது. ஜனவரி பிறந்துவிட்டால் மாடல் ஒரு வயது கூடிவிட்டது என்று பேரம் இறங்கும்.

கேரள எல்லைக்குள் விற்றால் படிவம் 29, 30. தமிழ்நாட்டுக்குப் போகிற வண்டியென்றால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கித்தர வேண்டும். அங்கே வரி கட்ட வேண்டியதை வாங்குபவர் விலையில் கழிப்பார். வங்கிக் கடன் எப்போதோ முடிந்திருந்தாலும் பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். படிவம் 35-ஐக் கொடுத்து முதலில் அதை நீக்குங்கள். நிலுவையில் உள்ள சலானையும் பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பெயர் மாற்றம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “பார்ட்டி வந்ததும் மாத்திக்கறோம் அண்ணா” என்று போவதுதான் சந்தை வழக்கம். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், பலர் கை மாறிய கார் விபத்துக்குள்ளானபோது, பதிவேட்டில் பெயர் இருந்த முதல் உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்றது. கேரளத்தில் 2023 ஜூனிலிருந்து அபராதம் போட்டுவரும் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களும் பதிவேட்டுப் பெயரையே பார்க்கும். வியாபாரியிடம் கொடுத்தால், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி அவர் அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். படிவம் 29சி வழியாக வண்டி அவரிடம் ஒப்படைக்கப்பட்டதைப் பதிந்தால் அன்றிலிருந்து பொறுப்பு அவருடையது. அங்கீகாரம் இல்லாதவரென்றால், பெயர் மாறும்வரை விலையில் ஒரு பகுதியைக் கையில் பிடித்துவைக்கும் யோசனை பலிக்காது. பணம் தர வேண்டியவர் அவர். வண்டியைக் கொடுக்கும் முன்பே மாற்ற விண்ணப்பத்தைப் பரிவாகனில் ஏற்றச் செய்வதே வழி. ஒப்படைத்த தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதிய தாளில் இருவரும் கையெழுத்திட்டு, வாங்குபவரின் அடையாள நகலோடு வைத்துக்கொள்ளுங்கள்.

யாருமே வாங்காத நிலையில் இருந்தால் பழைய இரும்பு எடுக்கும் ஆக்ரிக்கடைக்குப் போகும் ஆசை வரும். போகலாம், ஆனால் பதிவை ரத்து செய்யாமல் போகக் கூடாது. உடைக்கப்பட்ட வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை. அங்கீகரிக்கப்பட்ட உடைப்பு மையமென்றால் ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள். புதிய சொந்தக் காரின் வரியில் 25 சதவீதம் வரை மாநிலங்கள் சலுகை தரலாம் என்று மத்திய விதி சொல்வது இந்தச் சான்றிதழுக்குத்தான்.

காப்பீட்டில் உரிமை கோராமல் சேர்ந்த தள்ளுபடி 50 சதவீதம் வரை இருக்கும். அது காருக்கல்ல, உங்களுக்குச் சேர்ந்தது. நிறுவனத்திடம் எழுதிக் கேட்டுச் சான்றிதழ் வாங்கினால் மூன்று ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கைக் கிழித்துவிடுவது மட்டும் போதாது. வங்கிச் செயலிக்குள் போய்க் கணக்கையே மூடுங்கள். இல்லாவிட்டால் புது உரிமையாளர் திருவல்லம் சுங்கச்சாவடியைக் கடக்கும்போதெல்லாம் உங்கள் கைபேசி மணியடிக்கும்.